பழைய பியானோ கச்சேரிப் பதிவுகள்: ரிக்டரின் சோஃபியாவில் தொடங்குங்கள்

வித்வானைத் தேடாதீர்கள், கச்சேரியைத் தேடுங்கள். மேற்கத்திய பியானோ கேட்க ஆசைப்படும் சபா நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். யூடியூபில் ‘ரிக்டர்’ என்று சோவியத் பியானோ வித்வானின் பெயரை மட்டும் அடித்தால் வந்து கொட்டும். எதைத் தொடுவது என்று புரியாமல் பத்து நிமிஷத்தில் மூடிவிடுவீர்கள். ‘ரிக்டர், சோஃபியா, 1958’ என்று அடியுங்கள். மும்பை மாட்டுங்காவில் கேசட் சேர்த்த மாமாக்கள் யாரும் வெறுமனே “மதுரை மணி ஐயர் கேட்டேன்” என்று சொன்னதில்லை. எந்த வருஷம், எந்த ஊர், வயலின் யார் என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். பியானோவுக்கும் அதே வழிதான்.

ஸ்வியதோஸ்லாவ் ரிக்டர் 1915-இல் ஷிட்டோமிரில் பிறந்து ஒடெசாவில் வளர்ந்தவர். மாஸ்கோவில் ஹைன்ரிக் நெய்காவ்ஸிடம் படித்தார். 1960 வரை அவரை அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. அதற்கு முன்பே அவர் பெயர் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பெரிய காரணம், 1958 பிப்ரவரி 25 அன்று பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் அவர் வாசித்ததன் ஒலிநாடா. ஸ்டூடியோ என்றால் அவருக்குக் கசப்பு. மேடையில்தான் முழுசாக இருப்பார். அதனால் தொடங்க இவரைவிடத் தோதான ஆள் எனக்குத் தெரியவில்லை.

சரி, கேட்கும் ஏற்பாடு. மும்பையில் இருந்துகொண்டு அமைதிக்காகக் காத்திருந்தால் ஆயுசு போய்விடும். இருந்தாலும் விரார் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்காதீர்கள். மெல்லிய இடங்கள் ஒன்றுமே விழாது, கோபத்தில் சத்தத்தைக் கூட்டுவீர்கள், அடுத்த இடி காதைப் பிளக்கும். வீட்டில், ராத்திரி பத்தரைக்கு மேல், காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பழைய டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் ஃபேன் காற்றும் ஏறக்குறைய ஒரே ஜாதி. இரண்டும் சேர்ந்தால் பதிவே மோசம் என்று தோன்றும். ஃபேன் நின்றால் பாதிக் குறை அப்போதே போய்விடும். வேர்க்கும்தான். அப்புறம் செயலியில் மூன்று வேலை: ஷஃபிளை அணையுங்கள், பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியை அணையுங்கள், ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள்.

அடுத்ததாக ஒரு சோதனை. பழைய டேப்பைத் தகடாக மாற்றும்போது வேகம் பிசகினால் சுருதியும் கூடவே பிசகும். இதைக் கண்டுபிடிக்கச் சபா ரசிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, போனில் சுருதிப் பெட்டி இருக்கிறது. சோஃபியா கச்சேரியின் பெரிய உருப்படி ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் சித்திரங்கள்’. அதன் தொடக்கமான ‘ப்ரோமனாட்’ (உலா) பி ஃபிளாட் மேஜர், அதாவது ஆறரைக் கட்டை. பெட்டியை ஆறரையில் வைத்து மெதுவாக ஓடவிட்டு, முதல் இரண்டு அடிகளைக் கேளுங்கள்: த ப ஸ ரிப க, ரிப க ஸ ரி த ப. ஆமாம், மோகனத்தின் ஸ்வரங்கள். தாளம் போட்டுப் பார்த்தால் முதல் அடி ஐந்து, அடுத்தது ஆறு, மறுபடி ஐந்து, ஆறு. பியானோ ஆறரையில் சேர்ந்து நின்றால் பதிவு சரி. நூலிழை மேலே கீழே இருந்தால் விட்டுவிடுங்கள், பியானோவையே அப்படிச் சேர்த்திருக்கலாம். ஆனால் ஏழு கட்டையில் போய் நின்றால் டேப் ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பதிப்பை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

இப்போது கச்சேரி. முசோர்க்ஸ்கி இதை எழுதியது 1874-இல். முந்தைய வருஷம் செத்துப்போன நண்பர் விக்டர் ஹார்ட்மன் என்ற ஓவியரின் படங்களைக் கண்காட்சியில் ஒவ்வொன்றாகப் பார்த்து நடப்பதுபோன்ற அமைப்பு. ரிக்டர் நிதானமாக உலாவுகிறவர் இல்லை, விறுவிறுவென்று நடப்பார். கூடவே உங்களுக்குக் கேட்கப்போவது இருமல். பிப்ரவரிக் குளிர், அரங்கமே இருமுகிறது. முதல் தடவை கேட்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஓடிப்போகிறார்கள்.

ஓடாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. ‘பழைய கோட்டை’ என்ற இரண்டாவது சித்திரத்துக்குப் போங்கள். இது ஜி ஷார்ப் மைனர், நம் கணக்கில் ஐந்தரைக் கட்டை. இடது கையில் அடியாழத்தில் ஆதார ஸ்வரம் ஒன்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். மேலே ராகம் மாதிரி ஒரு சோகமான பாட்டு நகரும். நீங்கள் பாட்டைப் பின்தொடராதீர்கள். அந்த அடி ஸ்வரத்தில் காதை வையுங்கள், தம்புராவில் வைப்போமே அப்படி. இருமல் எல்லாமே மேல் ஸ்தாயியில் நடப்பது. காது கீழே ஊன்றிவிட்டால் அது பக்கத்து வரிசைக்குப் போய்விடும். சண்முகானந்தா அரங்கில் ஆலாபனை நடுவே பின்னால் யாரோ பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் நாம் என்ன செய்கிறோம்? அதேதான். இந்த ஒரு சித்திரத்தை மட்டும் இரண்டு மூன்று நாள் கேட்டாலும் தப்பில்லை.

அப்புறம் ‘பீட்லோ’, மாட்டு வண்டி. முசோர்க்ஸ்கி தன் கையால் எழுதியதில் வண்டி முதல் அடியிலேயே முழுச் சத்தத்தோடு வருகிறது. அவர் இறந்தபின் 1886-இல் இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கார்சகோவ் திருத்தி வெளியிட்ட பதிப்பில், வண்டி தூரத்திலிருந்து மெல்ல வந்து பெரிதாகும். 1922-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல் இதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோதும் மெதுவாகத்தான் தொடங்கினார். ரிக்டர் மூலத்தின் பக்கம். எடுத்த எடுப்பிலேயே வண்டி உங்கள் மேல் ஏறும். சமப்படுத்தும் வசதியை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

‘லிமோஜ் சந்தை’யை முழுக் கவனத்தோடு கேளுங்கள். சந்தைக் கூச்சல் ஒரே ஓட்டமாக ஓடி, நிற்காமல் நேராகப் பாதாளக் கல்லறையில் போய் மோதும். கல்லறையில் ஒரு நீண்ட ஒலி, சத்தமாக, அடுத்தது மெதுவாக, மறுபடி சத்தம். இந்த ஒலிகள் தேயும் வாலில்தான் அரங்கம் எவ்வளவு பெரிசு, மைக் எங்கே இருந்திருக்கும் என்பதெல்லாம் காதுக்குப் பிடிபடும். கடைசி ‘கீவ் பெருவாயில்’ வரும்போது டேப் திணறும், சத்தம் கரகரக்கும். மோனோப் பதிவு, அவ்வளவுதான் தாங்கும். ‘சுத்தப்படுத்திய’ பதிப்புகளில் கரகரப்போடு சேர்த்து பியானோவின் பளபளப்பையும் துடைத்திருப்பார்கள். எனக்குக் கரகரப்பே போதும். இரைச்சல் இருக்கும் பதிப்பா, இல்லாததா என்று கேட்டால் யோசிக்காமல் இருக்கும் பதிப்பை எடுங்கள்.

அதே கச்சேரியில் ஷூபர்ட், ஷோப்பான், லிஸ்ட் எல்லாம் உண்டு. லிஸ்டின் ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ எட்யூடை (விரல் பயிற்சிக்கான உருப்படி) மட்டும் தவறவிடாதீர்கள். அவ்வளவு வேகத்தில் அவ்வளவு மெல்லிசாக ஒருவர் வாசிப்பதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சோஃபியா பழகிவிட்டால் அடுத்தது ஒப்பிட்டுக் கேட்பது. 1960 அக்டோபர் 19 அன்று நியூயார்க் கார்னெகி ஹாலில் ரிக்டர் முழுக்க பீத்தோவன் வாசித்தார், கடைசியில் ‘அப்பாஸியோனாட்டா’ என்ற சொனாட்டா, அதாவது பல பகுதி கொண்ட பெரிய உருப்படி. அடுத்த மாதமே அதே நகரத்தில் ஆர்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனிக்காக அதே சொனாட்டாவை ஸ்டூடியோவில் பதிவு செய்தார். இரண்டிலும் மூன்றாம் பகுதியின் கடைசி ஓட்டத்தை மட்டும் அடுத்தடுத்துப் போடுங்கள். ஸ்டூடியோவில் ஸ்வரம் அத்தனையும் சுத்தம். மேடையில் தப்பு ஸ்வரங்கள் விழும், அதைப்பற்றிக் கவலைப்படாமல் மனுஷர் பாய்வார். எது பிடிக்கிறது என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். என் ஓட்டு மேடைக்கு. என் வீட்டுக்காரர் இன்றுவரை ஸ்டூடியோ கட்சி.

அட்டையில் ‘லைவ்’ என்று போட்டிருந்தால் அப்படியே நம்பவும் கூடாது. 12 வருஷம் மேடை ஏறாமல் இருந்த பியானோ வித்வான் ஹோரோவிட்ஸ் 1965 மே 9 அன்று கார்னெகி ஹாலுக்குத் திரும்பி வந்தார். முதல் உருப்படியான பாக்-புசோனி (பாக் எழுதியதைப் புசோனி பியானோவுக்கு மாற்றியது) தொடங்கியதுமே கை பிசகியது. அந்தக் கச்சேரியின் எல்.பி.யில் சில இடங்கள் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தன. ஒட்டுப்போடாத மூலம் 2003-இல்தான் வெளியானது. அதைத் தேடி வாங்குங்கள். இது ஒரு வகை. இன்னொரு வகை, ஸ்டூடியோப் பதிவின் முன்னும் பின்னும் கைதட்டலை ஒட்டி, ஏதோ ஓர் ஊர் பெயரும் தேதியும் போட்டு விற்பது. ரிக்டர் பெயரிலும் இந்தப் பித்தலாட்டம் நடந்திருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் ஒரு இருமல், ஒரு நாற்காலிச் சத்தம்கூட இல்லாமல், கடைசியில் மட்டும் திடீரென்று ஆயிரம் கை தட்டினால் சந்தேகப்படுங்கள். கைதட்டல் தொடங்கும் நொடியில் பின்னணி இரைச்சல் மாறுகிறதா என்றும் கவனியுங்கள்.

மூன்றாவதாக ஒன்றே ஒன்று: ருமேனியப் பியானோ வித்வான் தினு லிபாட்டி, பிரான்சின் பெசான்சோன், 1950 செப்டம்பர் 16. கடும் நோயோடு மேடை ஏறினார். டிசம்பரில் இறந்தார், வயது 33. 14 ஷோப்பான் வால்ஸ்களில் (நடன மெட்டு உருப்படிகள்) 13 தான் வாசிக்க முடிந்தது. இதை அழுதுகொண்டே கேட்கச் சொல்லும் எழுத்துகள் ஏராளம். எனக்கு அதில் பொறுமை இல்லை. பாக்கின் பார்டிட்டா என்ற உருப்படி தொடங்கும் முன் அவர் விரலை ஓடவிட்டுச் சுருதியைக் காட்டும் இடத்தைக் கேளுங்கள். அதுவும் ஆறரைக் கட்டைதான், பெட்டி ரெடியாக இருக்கட்டும்.

இடையில் ஒருமுறையாவது மும்பை என்.சி.பி.ஏ. அரங்கில் நேரில் ஒரு பியானோ கச்சேரிக்குப் போய்வாருங்கள். மைக் இல்லாத பியானோவின் சத்தம் காதில் பதிந்தால்தான் டேப் எதைத் தின்றிருக்கிறது என்று தெரியும். பகுதிக்குப் பகுதி கைதட்டாதீர்கள், முன் வரிசைப் பார்சிப் பாட்டிகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

தட்டாக வாங்க ஆசை இருந்தால், காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடை 2016-இல் மூடியபின் எனக்கு சோர் பஜார் பழைய சாமான் சந்தைதான். சோவியத் மெலோடியா கம்பெனித் தட்டுகள் அங்கே அவ்வப்போது தலைகாட்டும். ரஷ்ய எழுத்து தெரியாவிட்டாலும் ரிக்டரைப் பிடித்துவிடலாம்: ஆறு எழுத்து, முதலும் கடைசியும் ஆங்கில ‘P’ மாதிரி இருக்கும். தட்டு எண்ணுக்கு முன்னால் கால் முளைத்த கூரை வீடு மாதிரி எழுத்து இருந்தால் மோனோ, ஆங்கில ‘C’ மாதிரி இருந்தால் ஸ்டீரியோ. விலை பேசும் முன்பே தட்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். உறை ரிக்டராகவும் உள்ளே இருப்பது வேறு யாராகவும் இருப்பது அங்கே சகஜம்.