ஆஸ் மொழியில் ஓர் எழுத்துக் கணக்கு

செண்ட் + மோர் = மனி (SEND + MORE = MONEY). ஆங்கிலேயப் புதிராசிரியர் ஹென்றி டூடனி 1924-இல் போட்ட புதிர் இது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், எட்டு எழுத்துக்கும் எட்டு வெவ்வேறு இலக்கம். வழக்கமான நிரல்மொழிகளில் லூப்புக்குள் லூப் போட்டால் 18,14,400 வாய்ப்புகளைச் சோதிக்க வேண்டியிருக்கும். ஆஸ் (Oz) என்ற நிரல்மொழியில் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தால் போதும். 1991 முதல் கெர்ட் ஸ்மோல்கா குழு உருவாக்கிய இந்த மொழியில் ஃபங்ஷன், ஆப்ஜெக்ட், லாஜிக் எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது நிபந்தனைகளைக் கையாளும் இதன் கன்ஸ்ட்ரெயின்ட் பகுதி. ஆஸ் நிரல்களை ஓட்டும் மோசார்ட் 1.4 மென்பொருள் இருந்தால் செய்து பார்க்கலாம்.

ஒரு புரொசீஜர் எழுதி, எட்டு மாறிகளையும் ஒரு ரெக்கார்டில் வையுங்கள். அதற்கு ::: 0#9 என்று, அதாவது 0 முதல் 9 வரை, எல்லை கொடுங்கள். அடுத்து 'எஃப்டி.டிஸ்டிங்ட்' (FD.distinct); எல்லாம் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்று பொருள். எஸ், எம் இரண்டுக்கும் \=: 0, அதாவது பூஜ்யம் ஆகக் கூடாது. பிறகு கூட்டலை அப்படியே ஒரே சமன்பாடாக எழுதுங்கள். அதில் = அல்ல, =: போட வேண்டும். வெறும் = போட்டால் எஸ்ஸின் மதிப்பு வரட்டும் என்று நிரல் காத்துக்கொண்டே நிற்கும்; பிழைச் செய்திகூட வராது.

இப்போதே தேடலுக்குப் போகாதீர்கள். முதலில் ரெக்கார்டை மோசார்ட்டில் மதிப்புகளைக் காட்டும் பிரவுசரில் பாருங்கள். எஸ் 9, எம் 1, ஓ 0 என்று தானாகவே முடிவாகியிருக்கும். ஈ 4#7, என் 5#8, மற்ற மூன்றும் 2#8. எப்படி? மூன்றும் தெரிந்த பிறகு சமன்பாடு 91×ஈ + 10×ஆர் + டி = 90×என் + ஒய் என்று சுருங்குகிறது. ஈ குறைந்தது 2 என்றால் என் 3-க்குக் கீழே போக முடியாது. என் 3 என்றால் ஈ 3 ஆக வேண்டும். உடனே என் 4, ஈ 4, என் 5. அங்கே நிற்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலேறும் இந்த வேலையைக் கண்ணால் பார்ப்பதற்காகவே புதிதாக வருபவர்களிடம் இந்தப் புதிரைக் கொடுப்பேன்.

சரி, மிச்சத்துக்குத்தான் தேடல். கடைசி வரியில் மதிப்புகளை வைத்துப் பார்க்கும் 'எஃப்டி.டிஸ்ட்ரிபியூட்' (FD.distribute) போட்டு, கூடவே 'எஃப்எஃப்' (ff) கொடுங்கள். எல்லை சிறிதாக உள்ள மாறியை முதலில் எடு என்று பொருள். ஈ வரும். 4 ஒத்துவராது: 10×ஆர் + டி − ஒய் 86 ஆக வேண்டும், அதற்கு ஆர், டி இரண்டுமே 8 ஆகிவிடும். 5 வைத்தால் எல்லாம் பொருந்தி 9567 + 1085 = 10652 வருகிறது. எல்லா விடைகளையும் தேடும் 'சர்ச்ஆல்' (SearchAll) 6, 7 இரண்டையும் பார்த்து, இரண்டும் ஆகாது என்று ஒரே ஒரு விடையைப் பட்டியலில் தரும்.

அப்புறம் அந்த \=: 0 வரிகள் இரண்டையும் நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். முன்னால் பூஜ்யம் வைத்த விடைகளும் வரும்; 2817 + 0368 = 03185 அதில் ஒன்று.