பல்பு இழையின் சூடும் பருமனும்: நீங்களே அளந்து பார்க்கலாம்

ஒரு பல்பின் இழை இரண்டு மடங்கு சூடானால் அது வெளிவிடும் வெப்பமும் இரண்டு மடங்காகும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். இல்லை, பதினாறு மடங்கு. வெப்பக் கதிர்வீச்சு, கெல்வினில் (செல்சியஸ் எண்ணோடு 273 கூட்டிய அளவு) சொல்லும் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும், பரப்பு கூடினால் அதே விகிதத்தில்தான் கூடும். 1879-இல் இயற்பியலாளர் ஸ்டெஃபான் சோதனை அளவுகளிலிருந்து கண்ட விதி இது, 1884-இல் போல்ட்ஸ்மான் அதைக் கோட்பாட்டால் நிறுவினார். நாம் ஒரு பல்பை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

12 வோல்ட், 21 வாட் வண்டி பல்பு ஒன்று, வோல்டேஜை ஏற்றி இறக்கக்கூடிய டிசி சப்ளை, மல்டிமீட்டர் இரண்டு, இவ்வளவு போதும். எரிந்த பல்பை ஆறும்வரை தொடாதீர்கள், சுட்டுவிடும்.

முதலில் பல்பு ஆறியிருக்கும்போதே மின்தடையை அளந்துவிடுங்கள். அரை ஓம் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் மீட்டரின் வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும் என்பதால் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அப்போது வரும் எண்ணைக் கழித்துவிட வேண்டும். இதை விட்டால் பின்னால் வரும் கணக்கு முழுக்க வீண். எனக்குக் கழித்த பிறகு 0.53 ஓம் வந்தது.

அப்புறம் பல்பை எரியவிட்டு, ஒரு மீட்டரில் வோல்டேஜ், இன்னொன்றில் மின்னோட்டம் பாருங்கள். பெருக்கினால் வாட், வகுத்தால் சூடான மின்தடை. இழை செய்யப்பட்டிருக்கும் உலோகமான டங்ஸ்டன் சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறும், அதனால் இழையே தன் சூட்டைச் சொல்லிவிடும்: சூடான மின்தடையைக் குளிர்ந்த மின்தடையால் வகுத்து, 0.83 அடுக்குக்கு உயர்த்தி, 300-ஆல் பெருக்கினால் வெப்பநிலை தோராயமாகக் கெல்வினில் கிடைக்கும்.

12 வோல்டில் 1.75 ஆம்பியர், அதாவது 21 வாட், சுமார் 2510 கெல்வின். 3 வோல்டில் 0.82 ஆம்பியர், அதாவது 2.46 வாட், 1490 கெல்வின், மங்கிய ஆரஞ்சு நிறம். வெப்பநிலை விகிதம் 1.69, அதன் நான்காம் அடுக்கு எட்டுக்குச் சற்று மேல். வாட் விகிதமோ 8.5. டங்ஸ்டனின் கதிர்வீசும் திறனும் சூட்டோடு ஏறும், அந்தச் சிறு வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். நான் முதல் தடவை செல்சியஸில் போட்டுவிட்டு, பதினொன்றுக்கு மேல் வருகிறதே என்று மீட்டரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

சரி, பருமன்? 2500 கெல்வினில் டங்ஸ்டன் பரப்பு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் ஏறக்குறைய 66 வாட் வீசும், ஆக 21 வாட்டுக்கு 32 சதுர மில்லிமீட்டர் போதும், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே வோல்டேஜில் இழையை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் மின்தடை கால்வாசியாகி வாட் நான்கு மடங்குக்கு ஏறப் பார்க்கும், பரப்போ இரண்டு மடங்குதான் கூடியிருக்கும், எனவே இழை இன்னும் சூடாகும். தடிமனை விட்டு நீளத்தை இரட்டித்தால் நேர்மாறு: வாட் குறையும், பரப்பு கூடும், இழை சிவந்து மங்கிவிடும்.