ட்ரைசெராடாப்ஸ் காண்டாமிருகம் அல்ல

பிள்ளைகளுக்கு டைனோசர் படம் வரைந்து கொடுக்கும்போதும், பள்ளி சார்ட்டுக்கு நாலு வரி எழுதித் தரும்போதும், ட்ரைசெராடாப்ஸ் விஷயத்தில் நாம் செய்கிற தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. மனசுக்குள் ஒரு காண்டாமிருகத்தை நிறுத்தி, அதற்கு இன்னும் இரண்டு கொம்பு வைத்துவிடுகிறோம். நிபுணர்களுக்கே இந்த மாதிரி சறுக்கியிருக்கிறது. 1887-இல் அமெரிக்காவின் டென்வர் அருகே கிடைத்த ஒரு ஜோடிக் கொம்புகளைப் பார்த்த புதைபடிவ ஆய்வாளர் ஓத்னியல் மார்ஷ், ஏதோ ராட்சதக் காட்டெருமையின் கொம்பு என்று நினைத்து அப்படியே பெயரும் வைத்துவிட்டார். மூக்கின் மேல் மூன்றாவது கொம்பும் இருந்த மண்டையோடு வயோமிங்கிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான், 1889-இல், 'மூன்று கொம்பு முகம்' என்ற பொருளில் இன்றைய பெயரைச் சூட்டினார்.

கொம்பைப் பொறுத்தவரை மார்ஷின் காட்டெருமை நம் காண்டாமிருகத்தைவிடப் பரவாயில்லை. காண்டாமிருகக் கொம்புக்குள் எலும்பே கிடையாது. நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது அது. ட்ரைசெராடாப்ஸின் கொம்பு மாட்டுக் கொம்பு மாதிரி: உள்ளே எலும்பு, அதன்மேல் ஓர் உறை. பொங்கலுக்கு நாம் வண்ணம் பூசுவது மாட்டின் அந்த உறைமேல்தான். புதைபடிவமாகக் கிடைப்பது பெரும்பாலும் உள்ளிருக்கும் எலும்பு மட்டுமே. கண்ணுக்கு மேலுள்ள கொம்புகளில் அந்த எலும்பே சுமார் 1 மீட்டர் வரும் என்றால், உயிரோடு இருந்தபோது கொம்பு இன்னும் நீளம். அப்புறம், குட்டியை வரைய வேண்டுமென்றால் பெரியதையே சின்னதாக்கிவிடக் கூடாது. குட்டிக்குக் கொம்பு வெறும் முளைதான். கொஞ்சம் வளர்ந்ததும் பின்பக்கமாக வளையும், முழுதாக வளர்ந்தால் முன்பக்கம் திரும்பும்.

தலைக்குப் பின்னால் விரிந்திருக்கும் எலும்பைக் 'கேடயம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லோடு, அது சண்டைக்கு மட்டுமே என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நான் 'விசிறி' என்றே சொல்வேன். ட்ரைசெராடாப்ஸின் உறவினர்கள் பலவற்றுக்கு இந்த விசிறியில் இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு. ஓட்டை போட்ட கேடயத்தை வைத்து எதைத் தடுப்பது? தன் இனத்துக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளவும் அது பயன்பட்டிருக்கும் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. ட்ரைசெராடாப்ஸின் விசிறி மட்டும் ஓட்டையில்லாத திட எலும்பு. அதில் காணப்படும் காயத் தழும்புகள், இவை தங்களுக்குள் கொம்பால் முட்டிக்கொண்டிருக்கலாம் என்று எண்ண வைக்கின்றன. எனவே இரண்டு வேலையையும் சொல்லிவிடுவது நல்லது.

உடல் 8 முதல் 9 மீட்டர் நீளம். பெரியவற்றில் தலை மட்டுமே ஏறத்தாழ 2.5 மீட்டர். வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் 1905-இல் நிறுத்திய முதல் எலும்புக்கூட்டில் இந்த அளவே பிசகியிருந்தது. பத்துக்கும் மேற்பட்ட விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியதால் உடம்புக்குத் தலை சிறுத்துப்போனது. பின்பாதங்களோ வேறொரு டைனோசருடையவை! முன்கால்களையும் பல்லி மாதிரி அகட்டி வைத்திருந்தார்கள். 2001-இல் அதைத் திருத்தி நிறுத்தினார்கள். பல்லி மாதிரி வேண்டாம் என்று நேராகத் தூண் போலவும் வரைந்துவிடாதீர்கள். முழங்கை லேசாக வெளியே தள்ளியிருக்கட்டும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறுதான் பெரியது. புல்வெளியில் நிறுத்தி மேய விடுகிறோம். அது வாழ்ந்த 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வட அமெரிக்காவில் புல்வெளிகள் இல்லை. அதற்காகப் புல்லே அன்று உலகில் இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கல்லாகக் கிடைத்த டைனோசர் சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருந்ததாக 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அதைப் போட்டது நீள்கழுத்து டைனோசர் என்கிறார்கள். ட்ரைசெராடாப்ஸுக்குக் கிடைத்தது பெரணி, பனை வகைகள், பனை போலத் தோன்றும் சைகாட் செடிகள், தாழ்வாக வளரும் பூக்கும் செடிகள். கிளி மூக்கு போன்ற அலகால் கொய்து, பின்னாலிருக்கும் பற்களால் நறுக்கியது. அசைபோடும் மாடு போல அரைத்தது என்று எழுத வேண்டாம். அந்தத் தாடை வேலை செய்தது அரிவாள்மணை மாதிரி. ஒவ்வொரு தாடையிலும் பக்கத்துக்கு 36 முதல் 40 பல்வரிசைகள். ஒவ்வொன்றிலும் 3 முதல் 5 பற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேல்பல் தேய்ந்து விழ, கீழ்ப்பல் இடத்துக்கு வரும்.

இப்போது இடம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ட்ரைசெராடாப்ஸ் கிடைக்கும் ஹெல் க்ரீக் பகுதியில் எலும்பு தோண்டும் படங்களில் வறண்ட மொட்டைக் குன்றுகளே தெரியும். அதைப் பார்த்துப் பின்னணியில் பாலைவனம் தீட்டிவிடுகிறோம். அன்று அது ஆறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய, மரங்கள் அடர்ந்த, வெதுவெதுப்பான தாழ்நிலம். அதே பாறைகளில் முதலையும் ஆமையும் மீனும் கிடைக்கின்றன. பெரிய மந்தையாகவும் வரைய வேண்டாம். நூற்றுக்கணக்கில் ஒன்றாகப் புதைந்து கிடைத்தது அதன் உறவினரான, கனடாவின் சென்ட்ரோசாரஸ். ட்ரைசெராடாப்ஸ் பெரும்பாலும் தனித்தனியாகவும், அபூர்வமாகச் சிறு கூட்டமாகவும் கிடைத்திருக்கிறது.

பக்கத்தில் ஸ்டெகோசாரஸை நிறுத்தாதீர்கள், அது எட்டுக் கோடி ஆண்டு மூத்தது. டி-ரெக்ஸை நிறுத்தினால் சரி. இரண்டும் ஒரே காலம், ஒரே இடம். டி-ரெக்ஸ் வகையின் பல்தடத்தோடு முறிந்துபோன ஒரு ட்ரைசெராடாப்ஸ் கொம்பும் கிடைத்திருக்கிறது. முறிந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்திருந்தது, அதாவது கடிபட்ட பிறகும் அது பிழைத்துக் கிடந்திருக்கிறது.