கல்லடிப் பழைய பாலம்: கடற்கரையிலிருந்து கோட்டைவரை நடந்து பார்ப்பது எப்படி?

மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையில் தொடங்கிப் பாலத்தை நோக்கி வருவார்கள். அப்படி நடந்தால் காலை வெயில் முகத்திலேயே அடிக்கும், பாலத்துக்கு வந்து சேரும்போது இரும்பும் சுட்டுக்கொண்டிருக்கும். மறுபக்கமாக நடங்கள். விடிய ஆறு மணிக்குக் கல்லடிக் கடற்கரை, வெயில் ஏறுமுன் பாலம், ஒன்பது மணியளவில் கோட்டை. மொத்தம் ஐந்து கிலோமீட்டர் அளவு தூரம்தான். வெயில் முழு நடையிலும் முதுகுப்பக்கம் இருக்கும்.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு தொப்பி, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு போதும். வழியில் கோயிலும் சமாதியும் வருவதால் வார் கட்டிய சப்பாத்து தொல்லைதான். ஐப்பசி முதல் தை வரை மாரி மழை, அப்போது குடை கட்டாயம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அது உடம்பிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், வியர்ப்பதுகூடத் தெரியாது. அந்த மாதங்களில் தண்ணீரை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம் கடற்கரையிலுள்ள திருச்செந்தூர் முருகன் ஆலயம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல் அதன் கோபுரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. கோபுரத்தின் அடியில் நின்று பார்த்தால் சாய்வு சரியாகப் பிடிபடாது. கொஞ்சம் தள்ளி நின்று, பக்கத்திலுள்ள ஒரு தென்னையையோ மின்கம்பத்தையோ அளவாக வைத்துப் பாருங்கள். இங்கே கடலில் இறங்க வேண்டாம், அலை சட்டென்று ஆளை இழுக்கும்.

அங்கிருந்து உள்ளே நடந்தால் கல்லடி உப்போடை. 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தருகே தமிழறிஞர் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்து 1947இல் மறைந்தவர். அவர் எழுதிய ‘வெள்ளைநிற மல்லிகையோ’ என்ற பாடல் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல், நின்று ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். ஓசை நயமுள்ள பாட்டு அது. பாடசாலை நாட்களில் ஏழு மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் பிள்ளைகளின் சைக்கிளும் வானும் நெருக்கும், அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இனிப் பாலம். மட்டக்களப்பு வாவிக்கு, அதாவது கடலோடு சேரும் உவர்நீர் ஏரிக்கு, மேலாகப் போகிறது. ஆங்கிலேயர் காலத்து மானிங் தேசாதிபதியின் மனைவி பெயரால் ‘லேடி மானிங் பாலம்’ என்று 1924இல் திறக்கப்பட்டது. ஊரில் கேட்பதென்றால் ‘கல்லடிப் பழைய பாலம்’ என்றே கேளுங்கள். பக்கத்திலேயே 2013இல் திறந்த புதிய பாலம் இருப்பதால் ‘பழைய’ என்ற சொல் முக்கியம். வாகனம் ஒரு வரிசையில் மட்டுமே போகும் அகலம் பழைய பாலத்துக்கு. புதிய பாலம் வருமுன், ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை மறுகரையில் மற்றவர்கள் காத்து நின்றார்கள். கல்முனை வீதிப் போக்குவரத்து முழுவதும் ஒரு காலத்தில் இந்த இடுக்கு வழியாகத்தான் ஓடியது.

பாலத்துக்கு முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த இரும்புச் சட்டங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சட்டங்கள் கூடும் இடங்களில் துரு கூடுதலாக இருக்கும். உப்பீரம் அந்த இடுக்குகளில் தங்கி, காய நேரம் எடுப்பதுதான் காரணம். கம்பியில் சாய்ந்து நிற்காதீர்கள். தூண்டில் போடுகிறவர்களுக்குப் பின்னால் போகும்போது ஒரு சொல் குரல் கொடுத்துவிட்டுப் போங்கள், வீசும்போது முள் பின்பக்கமாகத்தான் முதலில் வரும். பாலம் முழுவதும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் புதிய பாலத்தின் நடைபாதைக்குப் போய் அங்கிருந்து எடுங்கள். கரையில் கண்ணா என்ற அலையாத்திப் பற்றைகளுக்குள் இறங்கவே வேண்டாம். வாவியில் முதலை உண்டு.

பாலம் தாண்டி அரசடி வழியாக நகருக்குள் வந்து, கோட்டைமுனையிலிருந்து பெரிய பாலத்தைக் கடந்தால், கோட்டை இருக்கும் புளியந்தீவு. காந்தி பூங்காவில் ஒரு தேத்தண்ணி குடித்து இளைப்பாறலாம். 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலை அங்கே வாவிக்கரையில் நிற்கிறது. மெதடிஸ்த மத்திய கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல். பத்தே ஆண்டில், 1638 மே 18 அன்று, ஒல்லாந்தர் கையில் விழுந்தது. இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். ஐந்து நாள் கழித்துக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை எழுதியதும் இங்கேதான். நான்கு மூலைக் கொத்தளங்களையும் வெளியே நின்று எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள், அமைப்பு உடனே விளங்கும். இரண்டு பக்கம் வாவியே காவல், மற்ற இரண்டு பக்கம் அகழி வெட்டினார்கள். கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நெடுங்காலம் இதற்குள்ளேயே இயங்கியதால் பழைய சுவரோடு ஒட்டி அலுவலகக் கட்டடங்கள் நிற்கும். வாசலில் காவலாளியிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். பூரணையன்று பொது விடுமுறை என்பதால் கதவு பூட்டியிருக்கக்கூடும்.

ஆனால் மீன் பாட்டை, அதாவது இரவில் வாவித் தண்ணீருக்குள் எழும் மெல்லிய ஓசையை, கேட்க வேண்டுமென்றால் அந்தப் பூரணையை ஒட்டிய இரவுதான் வேண்டும். அதனால் முதல்நாள் காலை கோட்டையை முடித்துவிட்டு, அன்றிரவோ மறுநாள் இரவோ பாலத்தடிக்குத் திரும்புங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை காலம். வாவி அசையாமல் கிடக்க வேண்டும். மாரியில் வெள்ளம் முகத்துவாரத்தை நோக்கி ஓடும்போது ஒன்றும் கேட்காது. பாலத்தின் மேல் நின்றும் கேட்காது, புதிய பாலத்து வாகன இரைச்சல் விழுங்கிவிடும். பத்து மணிக்குப் பிறகு, இயந்திரம் பூட்டாத தோணி ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். விலையை ஏறுமுன்பே பேசுங்கள். தோணி நின்றதும் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதோடு ஒட்டுங்கள். ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசைபோல மெல்லியதாக வரும். ஓசை எழுப்புவது மீனா, ஊரி என்ற சிப்பி வகையா என்று ஊரில் இன்னும் பேச்சு இருக்கிறது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் வராவிட்டால் தோணியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி காதை வையுங்கள்.