‘தமிழ் உடையுது’ போதாது: எடிட்டர் பிழையைச் சொல்லும்போதும் திருத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டரில் நோட்பேட் பிளஸ் பிளஸ். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கல்லூரி லேப்களில் விம், ஜிஎடிட், விஎஸ் கோட். கொஞ்சம் பழைய ஆள் என்றால் இமேக்ஸ். இப்படி நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல டெக்ஸ்ட் எடிட்டர் இல்லாத மேஜையே டெல்டாவில் குறைவு. அதில் கோளாறு வந்தால் முக்கால்வாசிப் பேர் திட்டிவிட்டு வேறு எடிட்டருக்கு மாறிவிடுகிறார்கள். மெனக்கெட்டு ரிப்போர்ட் போடுகிறவர்களும் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான்: “தமிழ் சரியாக வரவில்லை. எழுத்து உடைகிறது. உடனே சரிசெய்யவும்.”

இதைத் திறந்து பார்க்கிற டெவலப்பருக்குத் தமிழ் தெரியாது. எது உடைந்த எழுத்து, எது உடையாத எழுத்து என்றே அவருக்குப் புரியாது. பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி சம்பளமில்லாமல் உட்காருகிறவர்கள். உங்கள் கோளாறு அவர் மெஷினிலும் வந்தால்தான் அவர் கை வைக்க முடியும். வராவிட்டால் ‘மேலும் தகவல் தேவை’ என்று ஒரு லேபிள் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அதில் அவர் மேல் தப்புச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதல் தவறு, கோளாறு எடிட்டரில்தான் என்று பார்த்தவுடன் முடிவுகட்டுவது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நேரே மேட்டூரைத் திட்டிப் பயனில்லை. நடுவில் கல்லணை இருக்கிறது, ரெகுலேட்டர் இருக்கிறது, கிளை வாய்க்கால் இருக்கிறது, பக்கத்து வயல்காரர் வைத்த அடைப்பும் இருக்கலாம். நீங்கள் தட்டும் எழுத்தும் அப்படிப் பல கை மாறித்தான் திரைக்கு வருகிறது. தமிழ்99 போன்ற விசைப்பலகையை நடத்தும் மென்பொருள் ஒன்று, எழுத்தைச் சேமித்து வைக்கும் எடிட்டர் ஒன்று, ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் ஹார்ஃப்பஸ் மாதிரியான வடிவமைப்பு நூலகம் ஒன்று, கடைசியில் எழுத்துரு. விம்மை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் ஜன்னலில்) ஓட்டினால் இன்னொரு ஆளும் சேர்ந்துகொள்கிறார். அங்கே எழுத்தை வரைவது விம் இல்லை, டெர்மினல். அதுவும் ஒரே அகலக் கட்டங்களுக்குள் வரையப் பார்க்கும். ‘ஐ’, ‘ணை’ எல்லாம் அந்தக் கட்டத்தில் எப்படி அடங்கும்? ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதில் டெர்மினலும் விம்மும் வேறு வேறு கணக்குப் போட்டால் கர்சர் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் விழும்.

சோதிப்பது சுலபம். அதே கோப்பை டெர்மினலில் ‘கேட்’ கட்டளையால் காட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே மாதிரி உடைந்தால் எடிட்டர் நிரபராதி. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். வேறொரு எடிட்டரில் திறந்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான். செய்த சோதனையையும் கிடைத்த பதிலையும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் டெவலப்பருக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

டெல்டாவுக்கே உரிய உதாரணம் ஒன்று. பழைய நிலக் கணக்குகளைத் தட்டெழுதுகிறவர்களுக்கு வேலி, குழி, நன்செய், புன்செய் இவற்றின் குறியீடுகள் வேண்டும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற கணக்கு இங்கே இன்னும் பேச்சில் இருக்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோட் தரத்தின் 2019-ல் வந்த 12.0 பதிப்பு இந்தக் குறியீடுகளையும் முந்திரி, காணி போன்ற பின்னங்களையும் தமிழுக்கான ஒரு துணைத் தொகுதியில் சேர்த்தது. அவற்றை எடிட்டரில் ஒட்டினால் பலருக்கு வெறும் கட்டம்தான் தெரியும். உடனே ‘எடிட்டர் தமிழை ஆதரிக்கவில்லை’ என்று ரிப்போர்ட். தேவையே இல்லை. அது எழுத்துரு இல்லாத குறை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவைப் போட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் எழுத்துரு இருந்தும், கர்சர் அந்தக் குறியீட்டின் நட்டநடுவில் போய் நின்றாலோ, ஒரு முறை அழித்ததும் பாதிக் குறியீடு குப்பையாக மிஞ்சினாலோ அது எடிட்டரின் பக்தான், அதாவது நிரல் பிழைதான். யூனிகோட் எழுத்தைக் கோப்பிலும் நினைவகத்திலும் சேமிக்கும் முறைகள் யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16. வழக்கமான தமிழ் எழுத்து யூடிஎஃப்-8-ல் 3 பைட், இந்தக் குறியீடுகள் 4 பைட். யூடிஎஃப்-16-ல் இவை ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. அந்த இரண்டையும் தனித்தனி எழுத்தாக எண்ணும் நிரல்தான் இங்கே தடுக்கி விழும். இந்த மாதிரிப் பக்கை நாம் சொல்லாவிட்டால் உலகத்தில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அடுத்தது, தேடல். டிடிபி சென்டர்களில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும்:

“அண்ணே, கொள்ளிடம்னு தேடுனா பாதிதான் சிக்குது. எடிட்டர்ல பக்குண்ணே.”

“சிக்குனதுல ஒன்னு, சிக்காததுல ஒன்னு எடு. ரெண்டுலயும் ‘கொ’ முடியுற இடத்துல கர்சரை வச்சு ஒரே ஒரு பேக்ஸ்பேஸ் அடி. என்ன நிக்குது?”

“இதுல ‘க’ நிக்குது. அதுல... ‘கெ’ நிக்குதுண்ணே!”

விஷயம் அவ்வளவுதான். ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் சேமிக்கலாம். ககரம், கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முதல் வகையில் ‘கொள்ளிடம்’ 9 யூனிகோட் குறியீடு, யூடிஎஃப்-8-ல் 27 பைட். இரண்டாம் வகையில் 10 குறியீடு, 30 பைட். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் சில கன்வெர்ட்டர்கள் இரண்டாம் வகையைக் கொட்டிவைக்கின்றன. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் தேடும்போது அந்தச் சமத்தைப் பார்க்காத எடிட்டர்கள் நிறைய. ஆகவே ரிப்போர்ட்டில் ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் மூடிவிடுவார்கள். ‘இரண்டு சமமான வடிவங்களில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைப்பதில்லை’ என்று எழுதி, இரண்டையும் வரிக்கு ஒன்றாக வைத்த கோப்பை இணைத்தால், தமிழ் தெரியாதவருக்கும் சட்டென்று புரியும். அவர் இதைப் பக் என்று ஒத்துக்கொள்ளாமல் புது வசதிக்கான கோரிக்கை என்று வகைப்படுத்தினால் அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். வேலை நடந்தால் போதாதா?

எழுத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எடிட்டரிலேயே வழி உண்டு. விம்மில் கர்சரை எழுத்தின் மேல் வைத்து ஜி, ஏ என்று இரண்டு விசை. ஜி, 8 அடித்தால் பைட்டுகள். இமேக்ஸில் கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி. அந்த வெளியீட்டை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

ஒட்டுங்கள் என்றால் எழுத்தாக. மானிட்டரைச் செல்போனில் படம் பிடித்து, அதை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பி, அவரிடமிருந்து திரும்ப வாங்கி இணைக்கும் வழக்கம் இங்கே ஒழியமாட்டேன் என்கிறது. எழுத்து திரையில் தப்பாக வரையப்பட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் கட்டாயம் வேண்டும். பக்கத்திலேயே சரியான வடிவத்தின் படமும் வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் கோப்புதான் சாட்சி. அந்தக் கோப்பும் இரண்டு மூன்று வரிக்குள் இருக்கட்டும். வாடிக்கையாளரின் பத்திரிகையை முழுசாக இணைத்து, மாப்பிள்ளை வீட்டுச் செல்போன் எண்ணை ஊருக்கெல்லாம் காட்டியவர்கள் உண்டு. லாக் கோப்பிலும் உங்கள் பெயர், ஃபோல்டர் பெயரெல்லாம் இருக்கும்; ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

டெவலப்பர்களை மிகவும் எரிச்சலூட்டுவது எது என்று கேட்டால் நான் ப்ளக்இன்னைத்தான் (கூடுதல் வசதிக்காக எடிட்டரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்) சொல்வேன். முப்பது எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டு, கோளாறு வந்தால் விஎஸ் கோட் மேல் பழி. வெறும் எடிட்டரில் அது வருகிறதா என்று பார்க்காமல் ரிப்போர்ட் எழுதவே கூடாது. விம், நியோவிம் இரண்டையும் ‘--கிளீன்’ என்ற சேர்க்கையோடு திறக்கலாம். இமேக்ஸுக்கு ஒரு மைனஸ் போட்டுப் பெரிய எழுத்து க்யூ. விஎஸ் கோடில் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அணைத்துவிட்டுத் திறக்க வழி இருக்கிறது. அதைவிட நல்லது, கட்டளைப் பட்டியலில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட். பாதியை அணைத்துவிட்டுக் கோளாறு இருக்கிறதா என்று கேட்கும். பிறகு மீதியில் பாதி. முப்பது இருந்தாலும் ஏறக்குறைய ஐந்து கேள்வியில் குற்றவாளி அகப்பட்டுவிடும். அகப்பட்டால் ரிப்போர்ட் போகவேண்டிய இடம் அந்த எக்ஸ்டென்ஷனை எழுதியவரிடம்.

பதிப்பு எண்ணைச் சொல்லாமல் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதுவது இன்னொன்று. உபுண்டு 22.04-ல் எல்லா அப்டேட்டும் போட்டு வைத்திருப்பீர்கள். அதில் வருவது இமேக்ஸ் 27.1, விம் 8.2. விம் 9.1 வந்ததே 2024 ஜனவரியில். உங்கள் ‘லேட்டஸ்ட்’டில் இருக்கும் பக் டெவலப்பர்களின் மூல நிரலில் எப்போதோ சரியாகியிருக்கலாம். விம்மின் ‘வெர்ஷன்’ கட்டளை, நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸின் கேள்விக்குறி மெனுவில் இருக்கும் டீபக் இன்ஃபோ, இமேக்ஸின் ‘ரிப்போர்ட்-இமேக்ஸ்-பக்’ கட்டளை எல்லாம் இதற்காகத்தான். இமேக்ஸ் கட்டளை விவரங்களைத் தானே நிரப்பிக்கொடுக்கும். நீளமாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் கரண்ட் போய், திரும்ப வந்ததும் ‘எடிட்டர் என் கோப்பைத் தின்றுவிட்டது’ என்று புகார் வரும். அப்போது முதல் காரியமாகப் பலர் செய்வது, ஃபோல்டரில் புதிதாகத் தெரியும் விசித்திரப் பெயர்க் கோப்புகளை அழிப்பது. இழந்ததை மீட்கும் வழியும் அந்தக் கோப்புகள்தான், பக் என்றால் தடயமும் அவைதான். விம் வழக்கமான அமைப்பில் 200 எழுத்து தட்டியதும் அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும் ஸ்வாப் என்ற மீட்புக் கோப்பில் எழுதிவைக்கும். இமேக்ஸ் 300 விசைக்கு ஒரு முறை, அல்லது 30 விநாடி போல ஓய்வு கிடைத்தால். எதையும் தொடாமல் முதலில் மொத்த ஃபோல்டரையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு அப்புறம் மீட்டுப் பாருங்கள்.

ஒரு ரிப்போர்ட்டில் நாலு பக்கைச் சேர்த்து எழுதாதீர்கள். முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் அங்கே ‘எனக்கும்’ என்று மட்டும் போடாமல் உங்கள் பதிப்பையும் படிகளையும் எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டுச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். ஏஐ-யிடம் சொல்லி மூன்று பக்கத்துக்கு மினுக்கி வாங்கும் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்காததெல்லாம் பார்த்ததாகச் சேர்ந்துவிடுகிறது. அதைவிட உங்கள் உடைந்த ஆங்கிலம் மேல்.

எல்லாவற்றையும் பொதுவில் எழுதவும் கூடாது. ஒரு கோப்பைத் திறந்தாலே அதற்குள் இருக்கும் கட்டளை உங்கள் கணினியில் ஓடுகிறது என்றால் அது பாதுகாப்பு ஓட்டை. கோப்புக்குள்ளேயே எடிட்டர் அமைப்புகளை எழுதிவைக்க உதவும் விம்மின் மோட்லைன் வசதியில் 2019-ல் அப்படி ஒன்று அம்பலமானது. விம் 8.1.1365, நியோவிம் 0.3.6 பதிப்புகளில்தான் அடைத்தார்கள். இந்த வகைக்குத் திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுதும் வழி இருக்கும். அதைத் தேடி எழுதுங்கள்.

இனித் திருத்துகிறவர்களுக்கு. நம் கல்லூரிகளில் ‘ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு’ சர்டிஃபிகேட்டில் ஏறும் ஒரு வரியாகிவிட்டது. அதனால் வருவதுதான் விளக்கக் கோப்பில் ஒரு கமா சேர்க்கும் புல் ரிக்வெஸ்ட், அதாவது ‘என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை. 2020 அக்டோபரில் பங்களிப்புக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் போட்டியின் டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்க இப்படிக் குவிந்து, பராமரிப்பாளர்கள் கொதித்துப்போய், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று போட்டியின் விதியையே மாற்றவேண்டி வந்தது. உண்மையான ஒரு பக்கைப் பிடித்து அதன் மறுஉருவாக்கப் படிகளைச் சரியாக எழுதித் தருகிற மாணவர் அந்த நூறு கமாவை விடப் பெரிய வேலை செய்கிறார் என்பது என் கட்சி.

நிரலில் கை வைப்பதற்கு முன் பக்கை உங்கள் மெஷினில் வரவழையுங்கள். முடிந்தால் அதைத் தோல்வியுறும் ஒரு டெஸ்ட்டாக எழுதுங்கள். திருத்தியபின் அதே டெஸ்ட் தேறவேண்டும். எப்போது நுழைந்தது என்று தெரியாத பக்குக்கு, நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் பைசெக்ட் கட்டளை இருக்கிறது. ஆயிரம் கமிட் (பதிவான மாற்றம்) என்றாலும் பத்துச் சோதனையில் இடம் தெரிந்துவிடும். அந்தக் கமிட்டின் குறிப்பையும் படியுங்கள். நீங்கள் பக் என்று நினைத்த வரியை வேறு ஏதோ ஒரு மொழிக்காக யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கலாம். ‘தமிழ் என்றால் இப்படிச் செய்’ என்று ஒரு விதிவிலக்கைச் செருகுவது எளிது. ஆனால் உண்மையான கோளாறு ஓர் எழுத்தாகத் தெரியும் குறிகளின் கூட்டத்தைத் துண்டு துண்டாக எண்ணுவதில் இருக்கும். அங்கே திருத்தினால் மலையாளம், வங்காளம், சிங்களம் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே சரியாகும்.

நீங்கள் அனுப்பும் திருத்தமான பேட்ச்சில் மாறவேண்டியது மூன்று வரி என்றால் மூன்று வரிதான் மாறியிருக்கவேண்டும். உங்கள் எடிட்டர் டேப்பை ஸ்பேஸாக்கியோ, விண்டோஸ் வரிமுடிவைப் போட்டோ கோப்பு முழுவதையும் மாற்றியிருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். அனுப்புமுன் மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையைப் போட்டு நீங்களே ஒரு முறை பாருங்கள். இமேக்ஸுக்கு என்றால் இன்னொன்று: சுமார் 15 வரிக்கு மேல் போகும் பங்களிப்புக்குப் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கும் தாள் வேண்டும். வேலையில் இருப்பவர் என்றால் முதலாளியின் சம்மதமும் தேவைப்படலாம். நிரலை முடித்துவிட்டு அதற்காகக் காத்துக்கிடக்காமல் தாள் வேலையை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

அனுப்பிய மறுநாளே ‘எனி அப்டேட்?’ என்று கேட்பதால் ஒன்றும் நகராது. சில வாரம் விடுங்கள். புதிய பதிப்பு வந்ததும் பழைய சோதனைக் கோப்பை அதில் திறந்து, இன்னும் வருகிறது என்றால் பதிப்பு எண்ணோடு ஒரு வரி எழுதுங்கள். வரவில்லை என்றால் அதையும் எழுதி, ரிப்போர்ட்டை நீங்களே மூடிவிடுங்கள்.