ஏற்காட்டுக் குளிரில் தயிர், சேலத்து வெயிலில் கெஃபிர்

சேலத்தில் தயிர் தானாக உறைந்துவிடும், பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் கெஃபிர் என்ற பானம்தான் பாடாய்ப் படுத்தும். ஏற்காட்டில் நேர்மாறு. கெஃபிர் பாட்டிலை அடுப்படி மேடையில் எங்கே வைத்தாலும் அழகாக வரும். தயிரோ, மார்கழியில் விடிந்த பிறகும் பாலாகவே கிடக்கும். இரண்டு ஊருக்கும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர வித்தியாசம். அதே பால், அதே உறை மோர். காற்றின் சூடு மட்டும்தான் வேறு.

நான் இருப்பது ஏற்காட்டில் நாகலூர் பக்கம், அக்கா வீடு சேலம் அஸ்தம்பட்டியில். இரண்டு வீட்டிலும் செய்து பார்த்து, ஒத்துவந்ததை மட்டும் எழுதுகிறேன். "எட்டு மணி நேரம் மூடி வையுங்கள்" என்று சொல்லும் குறிப்புகளை நம்பி உட்காராதீர்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் எட்டு மணி நேரம் என்று அவை சொல்வதில்லை.

முதலில் தயிர்: பால்

தினப்படிக்கு எனக்கு ஆவின் பச்சை பாக்கெட் போதும். அதில் கொழுப்பு 4.5 சதவீதம். விருந்தாளி வந்தால் ஆரஞ்சு, அது 6 சதவீதம். நீலத்தில் 3 சதவீதம்தான். அதிலும் தயிர் வரும், கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும், மோருக்கு அது நல்லது.

பக்கத்துத் தோட்டத்தில் கறந்த பால் கிடைத்தால் ருசியே தனி. ஆனால் அது உறையாமல் அடம்பிடித்தால், மாட்டுக்கு ஊசி ஏதாவது போட்டார்களா என்று விசாரியுங்கள். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் அதன் மிச்சம் சில நாள் பாலில் வரும், உறை மோரின் நுண்ணுயிர்களையும் அது கொன்றுவிடும். சந்தேகம் இருந்தால் அதே உறை மோரை ஒரு கிண்ணம் பாக்கெட் பாலிலும் ஊற்றிப் பாருங்கள். அது உறைந்து இது உறையவில்லை என்றால் உறை மோரில் குற்றமில்லை.

காய்ச்சுவது

பொங்கியதும் அடுப்பை அணைப்பது காபிக்குச் சரி. தயிருக்கு, பொங்கி அடங்கிய பின் சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே. பாலில் கட்டியாகிற கேசின் என்ற புரதம் தவிர, மோர்த்தண்ணீரில் கரைந்து நிற்கும் வே (whey) புரதங்களும் இருக்கின்றன. 85 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் இருந்தால் அவை முறுக்கு அவிழ்ந்து கேசினோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பால் உறையும்போது தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், தயிர் வெட்டியெடுக்கிற பதத்தில் நிற்கும்.

ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் இழுப்பது அதனால்தான். தயிருக்கு வேண்டியது 85 என்பதால் இங்கே அது பிரச்சினை இல்லை.

ஆறவைப்பது: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

"விரல் பொறுக்கும் சூடு" என்பது நம் வீடுகளில் சொல்லும் கணக்கு. சேலத்தில் அது சரியாக வேலை செய்கிறது. மலையில், மார்கழி தை மாதத்தில், அதே விரல் தப்பான கணக்கு சொல்கிறது. குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவிய கையைப் பாலில் விட்டால் 34, 35 டிகிரி பாலே நல்ல சூடாகத் தெரியும். இன்னும் ஆறட்டும் என்று விட்டுவைப்போம். உறை ஊற்றும்போது பால் 32க்கு வந்திருக்கும், அறையோ 15 டிகிரி. அரை மணியில் எல்லாம் சில்லென்று ஆகிவிடும். உறை மோரை இரட்டிப்பாக்கினாலும் அந்தத் தயிர் விடியும்போது உறைந்திருக்காது. என்னை வெகுநாள் அலைக்கழித்த விஷயம் இது.

குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். தயிருக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்குவதானால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். யோகர்ட் மேக்கரை விட இது மேல். குளிர் காலத்தில் மலையில் 43 டிகிரியில் உறை ஊற்றுங்கள். மற்ற மாதங்களில் 40. சேலத்தில் சித்திரை வைகாசியில் 35 இருந்தாலே தாராளம். 55ஐத் தாண்டிய பாலில் மட்டும் ஊற்றாதீர்கள், உறை மோர் வீணாகும்.

ஏன் இந்த எண்கள் என்றால், வீட்டு உறை மோரில் பொதுவாக இரண்டு கூட்டம் பாக்டீரியா கலந்திருக்கும். லாக்டோகாக்கஸ் வகை 30 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்யும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் இரண்டும் 40ஐத் தாண்டிய சூட்டை விரும்பும். கடை யோகர்ட்டில் இருப்பவை இந்தப் பின்னவைதான். அதை உறைக்கு எடுத்தால் வெதுவெதுப்பு கடைசிவரை குறையக் கூடாது.

உறை ஊற்றுவது, மூடி வைப்பது

அரை லிட்டருக்குச் சேலத்தில் ஒரு டீஸ்பூன், மலையில் ஒரு டேபிள்ஸ்பூன். அதற்கு மேல் போட்டால் தயிர் திரிதிரியாகி, புளித்து, தண்ணீர் விடும். உறை மோரைக் கட்டியில்லாமல் கலக்கி ஊற்றி, ஒரே ஒரு சுற்று கிளறினால் போதும்.

மலையில் மண் சட்டி வேண்டாம். இதைச் சொன்னால் பலர் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் சட்டியின் நுண்துளை வழியே தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் அது உள்ளிருப்பதைக் குளிர வைக்கிறது. சேலத்து வெயிலில் அது வரம். கொஞ்சம் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கட்டியாகவும் இருக்கும். குளிர் பிரதேசத்தில் அதே குணம் தயிரை உறையவிடாது. இங்கே எவர்சில்வர் தூக்குப்போசிதான்.

ஹாட் பாக்ஸில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். நீரைக் கொட்டிவிட்டு, உறை ஊற்றிய போசியை உள்ளே வைத்து மூடி, கம்பளியைச் சுற்றுங்கள். ஹாட் பாக்ஸ் சிறியது என்றால் போசியை அரிசி டப்பாவுக்குள் பாதி புதைத்து வைக்கலாம், அரிசி சூட்டை வெளியே விடாது. மின்சாரத்தில் ஓடும் கருவிகளை நான் நம்புவதில்லை. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

ஐந்து மணி நேரம் கழித்துப் போசியை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். மொத்தமாக ஒருபக்கம் நகர்ந்தால் உறைந்துவிட்டது. நடுவில் திறந்து திறந்து ஆட்டிப் பார்த்தால் பிடித்த கட்டு உடைந்து தண்ணீர் விடும். உறைந்ததும் உடனே ஃபிரிட்ஜ். சேலத்தில் கோடையில் நாலு மணி நேரத்திலேயே உறைந்துவிடும், இரவு வைத்துக் காலையில் எடுத்தால் புளிப்புதான். அங்கே காலையில் உறை ஊற்றி மதியச் சாப்பாட்டுக்கு எடுப்பதே நல்லது.

குளிரில் மெதுவாக உறைந்த தயிர் நூல் நூலாக இழுக்கும். சூடு குறைவாக இருக்கும்போது சில நுண்ணுயிர்கள் பசை போன்ற சர்க்கரைப் பொருளை அதிகம் உண்டாக்கும், அதுதான் காரணம். வாசனை சரியாக இருந்தால் சாப்பிடலாம், அடுத்த உறைக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள்.

இனி கெஃபிர்

தயிரிலிருந்து கெஃபிர் செய்ய முடியாது. அதற்குக் கெஃபிர் மணிகள் வேண்டும். காலிஃபிளவரைச் சிறுசிறு பூவாக உதிர்த்தது போல, வெள்ளையாக, தொட்டால் ரப்பராக இருக்கும். அவற்றுக்குள் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. காகசஸ் மலைப் பகுதியில் பிறந்த பானம் இது. 20 முதல் 25 டிகிரிதான் அதற்கு இதம், அதாவது ஏற்காட்டின் ஒரு சாதாரணப் பகல்.

ஆன்லைனில் காய்ந்த மணிகளும் விற்கிறார்கள். நான் ஈர மணிகளையே வாங்கச் சொல்வேன். காய்ந்தவை கண் திறக்க நாளாகும், அதுவரை தினமும் பாலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காய்ச்சி முழுக்க ஆறவைத்த பால் 300 மில்லிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மணி. சூடான பாலில் போட்டால் மணிகள் செத்துவிடும். கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு மட்டும் ஊற்றி, வாயைத் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். பலாப்பழ சீசனில் துணி இரண்டு மடிப்பாக இருக்கட்டும், பழ ஈக்கள் எங்கிருந்தோ வந்துவிடும். 24 மணி நேரத்தில் கெட்டிப்பட்டு, ஓரத்தில் சின்னச் சின்ன நீர்க்கோடுகள் தெரியும். அதுதான் வடிக்கும் பதம்.

எவர்சில்வர் வடிகட்டி கூடாது என்று எங்கும் பயமுறுத்துகிறார்கள். வடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் நல்ல எவர்சில்வரால் மணிகளுக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்கள்தான் புளிப்போடு சேரக் கூடாதவை. மணிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் வேண்டாம், குளோரின் அவற்றுக்கு ஆகாது. வடித்த மணிகளை அப்படியே அடுத்த பாலில் போடுங்கள்.

சேலத்தில் என்ன செய்வது? 35 டிகிரி அறையில் பத்து மணி நேரத்துக்குள் அடியில் மோர்த்தண்ணீர், மேலே கட்டி என்று பிரிந்துவிடும். அக்கா வீட்டில் மூன்று மாற்றங்கள் செய்தோம். மணிகளைப் பாதியாகக் குறைத்தோம். பாட்டிலைத் தண்ணீர் ஊற்றிய மண் சட்டிக்குள் நிறுத்தி, ஈரத்துணி சுற்றினோம் (மலையில் தள்ளிவைத்த சட்டி இங்கே கைகொடுத்தது). காலையில் வைத்து மாலையில் பதம் பார்த்தோம், ஆகவில்லையென்றால் இரவு ஃபிரிட்ஜில் தொடர விட்டோம். அப்படியும் பிரிந்துபோனால் கொட்ட வேண்டாம். மணிகளை எடுத்துவிட்டுத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மென்மையான சீஸ் கிடைக்கும், உப்பும் மிளகும் போட்டு தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

மாம்பழக் காலத்தில் இமாம்பசந்த் விழுதை, மணி நீக்கிய கெஃபிரில் கலந்து அரை நாள் மூடி வைத்தால் அருமையாக நுரைக்கும். மூடியை இறுக்க வேண்டாம். ஈஸ்ட் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டில் வெடிக்கக்கூடும்.

பின்சேர்ப்பு

இதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காகச் சில விஷயங்கள்.

உறை மோரே இல்லையென்றால் பச்சை மிளகாய்க் காம்பு போடலாமா? காம்பிலும் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டு, சில நேரம் உறையும். முதல் தடவை வருவதை உறைக்கு மட்டும் வைத்து, இரண்டாவதைச் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குவதுதான் என் முதல் யோசனை.

கெஃபிரில் ஈஸ்ட் இருப்பதால் மிகச் சிறிய அளவில் ஆல்கஹால் உண்டாகும், பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதை அறவே தவிர்ப்பவர்கள் தயிரோடு நின்றுகொள்ளலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தயிரிலோ கெஃபிரிலோ ரோஸ், ஆரஞ்சு நிறப் புள்ளிகளோ பூஞ்சையோ தெரிந்தால் மேலே வழித்தெடுத்துச் சாப்பிடாதீர்கள். மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், கெஃபிர் என்றால் மணிகளையும் சேர்த்து.

ஊருக்குப் போகும்போது மணிகளைப் புதுப் பாலில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். திரும்பி வந்து வடிக்கும் முதல் பால் கொஞ்சம் கடுப்பாக இருக்கும், அதைத் தோசை மாவில் ஊற்றிவிடலாம்.