மொறுமொறுப்பு எங்கே போகிறது? ப்ரீஸ் ட்ரை பழம் போடும் பானங்களில் நடக்கும் பிழைகள்

மட்டக்களப்பில் ப்ரீஸ் ட்ரை பழம் வாங்குகிறவர் முதலில் பயப்பட வேண்டியது நம்முடைய வாவிக் காற்றுக்குத்தான். ப்ரீஸ் ட்ரை என்றால், பழத்தை உறையவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைப்பார்கள். உள்ளிருக்கும் ஐஸ் தண்ணீராகாமலே ஆவியாகிவிடும். மிஞ்சுவது ஸ்பொஞ்ச் மாதிரி ஒரு பழம். கிடைக்கிற ஈரத்தையெல்லாம் அது குடிக்கும். போன மார்கழி மழையில், பாதி பைக்கற்றை றப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். மறுநாள் ஸ்ட்ரோபெரித் துண்டு பல்லில் ஒட்டியது.

இறுக்கமான மூடியுள்ள சின்னப் போத்தல்களில் பிரித்து வையுங்கள். பிரிட்ஜ் வேண்டாம்; குளிர்ந்த போத்தலைத் திறந்தவுடன் பழத்தின்மேல் ஈரம் படிந்துவிடும். ஈரமான கரண்டியும் அப்படித்தான். தூளாக அரைப்பதென்றால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள், தூள் இன்னும் வேகமாகக் கட்டியாகும்.

அலங்காரத்துக்குப் போடுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். நோன்பு திறக்க இருபது நிமிடம் இருக்கும்போதே பலூடாவின்மேல் தூவிவிட்டால், கையில் எடுக்கும்போது அது ஊறிப்போன பழம்தான். ஐஸ்கிறீம் உருண்டையின் உச்சியில், கிளாஸை நீட்டுகிற அந்த நேரத்தில் தூவ வேண்டும்.

அதிகம் பேர் மாட்டுவது பாலில். ஸ்ட்ரோபெரி, கொடித்தோடை எல்லாம் புளிப்பு. சூடான பாலில் கொட்டினால் திரியும். பால் நன்றாக ஆறிக் குளிர்ந்த பிறகு, குடிக்கும் நேரத்தில் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அன்னாசி வேறு கதை. அதில் புரோமெலின் என்றொரு நொதியம் இருக்கிறது. பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். காய வைத்ததால் அது செத்திருக்கும் என்று நினைப்பதுதான் பிழை. இந்த முறையில் பழத்தைக் கொதிக்க வைப்பதில்லை, அதனால் நொதியம் பிழைத்துக்கொள்ளும். பச்சைப் பப்பாசியிலும் இதே வேலையைச் செய்கிற ஒன்று உண்டு. அன்னாசி மில்க் ஷேக்தான் வேண்டுமென்றால், தூளைக் கொஞ்சத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பிறகு பாலில் ஊற்றுங்கள். வாசம் கொஞ்சம் குறையும், கசப்பு வராது.

தூளை நேராகக் குளிர்பானத்தில் போட்டால் மிதந்து கட்டிபடும். முதலில் கொஞ்சம் சீனிப்பாகில் குழைத்துக்கொள்ளுங்கள். சோடாவில் போடுவதென்றால் பெரிய கிளாஸ் எடுங்கள், நுரை பொங்கி மேசைக்கு வரும்.

அளவு? ஸ்ட்ரோபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அப்படியென்றால் 10 கிராம் காய்ந்தது ஏறக்குறைய 100 கிராம் பச்சைப் பழம். அதன் சீனியும் புளிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. வழக்கமான சீனியைப் போட்டுவிட்டு ருசி பார்க்காதீர்கள், ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, உலர்த்துவது கிருமியைக் கொல்வதில்லை. தண்ணீர் பட்டதும் அதைப் பச்சைப் பழம் போலவே நடத்த வேண்டும், கலந்ததை அன்றே குடித்துவிடுவது நல்லது.

மாம்பழம் மலிந்த மாதத்தில் ப்ரீஸ் ட்ரை மாம்பழம் வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இங்கே கிடைக்காத ராஸ்பெரிக்குக் காசு கொடுங்கள், சரி.